முப்பத்தொரு வீடுகளின் விலாசம்

கணவருடைய கை வெந்த செய்தியை நஜ்முன் நிஸாவுக்குச் சொன்னவர் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர். 1959ஆம் ஆண்டு மாசி மாதம். திருகோணமலையில், மனையாவெளியில் அவள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சூடை மீனைக் கூறு போட்டபடியே அவர் கேட்டார்.

"அன்ஸார் தம்பிட கை இப்ப எப்படி புள்ள? ஆறிட்டுதா?"

"என்ன கை?"

மீன்காரருக்கு முகம் கறுத்துப்போயிற்று. அவருடைய மச்சான் ஒருவர் கப்பல் திருத்தும் டொக்யார்டில் வேலை செய்கிறவர். அவர் சொல்லித்தான் இவருக்குத் தெரியும். அன்ஸார் வேலை செய்யும் கடற்படைக் கப்பலின் எஞ்சின் அறையில் நீராவிக் குழாய் ஒன்று விட்டுப்போனதாம். அன்ஸாருக்கு வலது கை முழங்கைவரை வெந்துவிட்டதாம். கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம்.

"உங்களுக்குத் தந்தி வந்திருக்குமெண்டுதான் நினைச்சனான்" என்றார்.

தந்தி வந்துதான் இருந்தது. ஆனால் மனையாவெளிக்கு அல்ல. மூன்று வயது மகள் றஹ்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் பஸ்ஸேறி, நிலாவெளி தாண்டி, இறக்கக்கண்டியில் மாமனார் வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. மாமனார் அப்துல் மஜீதும் மாமியும் அறுவடைக்கென்று கந்தளாயில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு கிழமையாகிறது என்றார்கள். தந்திச் சேவகர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, படலைக்குப் பக்கத்தில் வேலிக் கிடுகுக்குள் கடிதாசியைச் செருகிவிட்டுப் போயிருந்தார். பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, அது முறுகிப்போய் இருந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. கடைக்காரர் ஒருவர் வாசித்துச் சொன்னார். தேதியைப் பார்த்தாள். வந்து பதினொரு நாள்.

நிஸா அழவில்லை. கடிதாசியை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். அங்கிருந்தே கந்தளாய்க்குப் போய் மாமனாரைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு ரெயில் ஏறினாள்.

அன்ஸார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைத் தலையணைமேல் வைத்தபடி படுத்திருந்தார். ஆள் பாதியாக மெலிந்திருந்தார். மனைவியைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், ஏலவில்லை.

"ஒரு கிழமை பாத்தன்" என்றார். "பக்கத்துக் கட்டில் ஆக்கள்ட வீட்டார் எல்லாம் வந்து போகினம். பிறகு, உனக்கு என்னில கோவமாக்கும் எண்டு விட்டுட்டன்."

அந்தப் பதினொரு நாளில் தான் என்னென்ன செய்தோம் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். கிண்ணியாவில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தாள். புதுச் சேலை உடுத்து, மச்சிமாரோடு சிரித்து, பெரிய சஹன் தட்டைச் சுற்றிக் கூடி உட்கார்ந்து சோறு தின்றிருந்தாள். அந்த நேரம் இவர் இங்கே வாசலைப் பார்த்தபடி கிடந்திருக்கிறார்.

"எந்த விலாசம் குடுத்தீங்க அவங்களுக்கு?"

"நேவியில சேர்ந்த அண்டைக்கு வாப்பாட விலாசம்தானே குடுத்தன். அப்ப எனக்குக் கலியாணமும் இல்ல, வீடும் இல்ல. பிறகு ஆர் கேட்டது?"

கட்டில் காலடியில் நின்ற அப்துல் மஜீத் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே நிஸா கடற்படை முகாம் வாசலுக்குப் போனாள். வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போய் ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் பெரிய இரும்புக் கேற்றுக்கு முன்னால் பெண்கள் நிற்பது அபூர்வம். காவலில் நின்றவன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். "விலாசம் எழுதுற ஆளை" என்றாள் அவள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் உள்ளே ஆள் அனுப்பினான்.

வந்தவர் சிவகுருநாதன். பதிவுக் கந்தோரில் கிளாக்கர். வேட்டியும் கோட்டும் போட்ட மெல்லிய மனுசர். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தங்கச்சி, விலாசம் மாத்திறதெண்டால் அதுக்கு ஒரு பாரம் இருக்கு. ஆனால் அவர் வந்துதான் கையொப்பம் வைக்கவேணும். நீங்கள் வைக்க ஏலாது."

"அவர்ட கை வெந்து கிடக்கு, ஐயா."

சிவகுருநாதன் உள்ளே போய் அச்சடித்த பாரத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "இடது கைப் பெருவிரல் வைக்கச் சொல்லுங்கோ. நான் ஏற்பாடு செய்யிறன்."

பாரத்தை வாங்கிய பிறகும் அவள் போகவில்லை.

"இன்னும் இருவது பாரம் வேணும்."

"ஏன்?"

"இவர் மட்டுமா ஐயா கப்பலில?"

அவர் அன்றைக்குக் கொடுத்தது நாலு பாரம். நிரப்பிக் கொண்டுவந்தால் மிச்சம் தருவதாகச் சொன்னார். அவள் பத்து நாளில் நாலையும் நிரப்பிக் கொண்டுவந்து மறுபடி கேற்றில் நின்றாள்.

கிண்ணியாவில் எட்டாம் வகுப்புவரை படித்தவள் நிஸா. எழுத்து முத்து முத்தாக இருக்கும். வாப்பா வயல்காரர். ஏழு பிள்ளைகளில் அவள் மூன்றாவது. ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் எழும்ப மாட்டாள் என்று உம்மா அவளைப் பற்றிச் சொல்வதுண்டு. அதைக் குறையாகத்தான் சொல்வார். இருபது வயதில் அன்ஸாரைக் கட்டி நகரத்துக்கு வந்தவளுக்கு, கணவர் மாதக்கணக்கில் கடலில் இருக்கும்போது அக்கம்பக்கம் யாரையும் தெரியாமல்தான் இருந்தது. இப்போது கதவு கதவாகத் தட்டத் தொடங்கினாள். முதலில் இரண்டு வளவு தள்ளியிருந்த புஸ்பராணி. அவளுடைய கணவர் தம்பிராசா கப்பலில் சமையல்காரர். அவருடைய பதிவு விலாசம், செத்துப்போன பெரியப்பாவின் வீடு. அடுத்தது மட்கோ என்ற இடத்தில் பல்கீஸ். அடுத்தது பாலையூற்றில் சோமாவதி என்ற சிங்களப் பெண். கண்டிப் பக்கத்திலிருந்து வந்து, பேச ஒரு ஆள் இல்லாமல் இருந்தவள். விசாரிக்க விசாரிக்க ஒன்று தெளிவாயிற்று. முகாமுக்குள் குவாட்டர்ஸ் கிடைத்தவர்கள் சிலர். வெளியே வாடகைக்கு இருந்தவர்களே அதிகம். கப்பலில் இருக்கிற ஆண்களில் பாதிப்பேர் கொடுத்திருந்த விலாசத்தில் அவர்களுடைய பெண்சாதி பிள்ளைகள் இல்லை. அதை யாரும் மறைக்கவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

எல்லாரும் வரவேற்றார்கள் என்றில்லை. ஒரு வீட்டில் மாமியார் நிலையில் கைவைத்து வழியை மறித்தாள்.

"நான் பெத்த பொடியன். அவன்ட தந்தி எனக்குத்தான் வரவேணும். நேத்து வந்தவளுக்கு ஏன்?"

நிஸா திரும்பிப்போய் சிவகுருநாதனிடம், பாரத்தில் இரண்டு பெயர் எழுதலாமா என்று கேட்டாள். ஒரு வரிதான் இருக்கிறது என்றார் அவர். அதனால் அவள் ஒரு கொப்பி வாங்கினாள். பாரத்தில் தாயின் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். கொப்பியில் மனைவி இருக்கும் வீடும் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். கப்பல்காரரின் சேவை இலக்கம், வீட்டுக்குப் போகும் வழி, வீட்டுக்காரி எந்த மொழி வாசிப்பாள், அந்தரம் ஆபத்துக்கு யாரைக் கூப்பிடுவது, பிள்ளைப்பேறு எந்த மாதம். எல்லாம் பென்சிலில். வாடகை வீட்டுக்காரர்கள் அடிக்கடி மாறுவார்கள், அழித்து எழுத வேண்டும்.

ஊர் பேசாமல் இருக்குமா? ஒருநாள் அப்துல் மஜீத் இறக்கக்கண்டியிலிருந்து வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"சனம் கதைக்குது மகள். புருஷன் கடலில, பொம்பிளை கேற்றில எண்டு."

"நான் தட்டுறதெல்லாம் பொம்பிளையள் இருக்கிற வீடு, மாமா. கேற்றில நிக்கிறது பகல் பத்து மணிக்கு, புள்ளையோட."

"அது எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியுமா?"

"அந்தத் தந்தி வேலியில கிடந்ததும் சனத்துக்குத் தெரியாதுதானே."

சொன்ன பிறகு அவளுக்கே நெஞ்சு சுட்டது. அவர் கோபிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். எழும்பும்போது, "அந்தக் கொப்பியில என்ட பேரையும் ஒரு பக்கத்தில எழுது. இறக்கக்கண்டிப் பக்கம் ஏதும் சொல்லிவிட இருந்தா நான் போய்ச் சொல்லுறன்" என்றார். அதன்பிறகு யாரும் அவர் காதில் படும்படி எதுவும் பேசவில்லை.

அன்ஸாரின் கை ஆறியது. இரண்டு விரல் மட்டும் முழுதாக மடங்காது. மீண்டும் கப்பலேறினார். நிஸாவின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாய் விரிக்கும் வழக்கம் உண்டாயிற்று. கடிதம் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். பதில் எழுதிக் கொடுப்பார்கள். சிங்களக் கடிதங்களைச் சோமாவதி பார்த்துக்கொண்டாள். பல்கீஸுக்குப் பிரசவ வலி வந்தபோது யார் கார் பிடித்தது, அவளுடைய மூத்ததுகளை யார் வைத்திருந்தது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தபடி நடந்தது. இப்படி ஐந்து வருஷம்.

1964ஆம் ஆண்டு மார்கழி நடுவில் அன்ஸாரின் கப்பல் வடகடல் ரோந்துக்குப் புறப்பட்டது. நாலைந்து நாள் கழித்து, இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, சூறாவளி திருகோணமலையில் அடித்தது.

புதன்கிழமை விடிந்தபோது நகரத்தில் தென்னைகள் தலையில்லாமல் நின்றன. வள்ளங்கள் தெருவில் கிடந்தன. நிஸாவின் வீட்டுக் கூரை போய்விட்டது. றஹ்மாவோடும் அவளுக்குப் பின் பிறந்த மகனோடும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தாள். தந்திக் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. கிண்ணியாவுக்குத் தோணி ஓடவில்லை. அங்கே உம்மாவும் வாப்பாவும் என்ன ஆனார்கள் என்று சொல்ல ஒருவருமில்லை. துறைமுகக் கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தாள். மழைப் புகார் மூட்டத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. அங்கே நின்றுகொண்டிருந்தால் அழுகை வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பி நடந்தாள்.

நனைந்த கொப்பியைப் பிரித்துப் பார்த்தாள். தாள்கள் ஒட்டியிருந்தன. பென்சில் எழுத்து கரையவில்லை. ஐம்பத்திரண்டு வீடு. அவற்றில் முப்பத்தொரு வீட்டு ஆண்கள் அந்தக் கப்பலில்.

"புஸ்பம், கப்பலில றேடியோ இருக்கு. திருகோணமலை அழிஞ்சுபோச்சு எண்டு அவங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். அதுக்கு மேல ஒண்டும் தெரிஞ்சிருக்காது."

"அதுக்கு நாங்கள் என்ன அக்கா செய்யிறது? தபால் கந்தோரே பூட்டிக் கிடக்கு."

"முகாமில வயர்லெஸ் இருக்கும். நீ மட்கோப் பக்கம் போ. நான் பாலையூற்றுப் பக்கம் போறன். எல்லாரையும் கண்ணால பாக்கவேணும். ஆரோ சொன்னதைக் கேட்டு எழுதாத. நேர பாத்து, அவங்கட வாயால ஒரு வரி வாங்கி எழுது."

பிள்ளைகளை வீட்டுச் சொந்தக்காரியிடம் விட்டுவிட்டு இருவரும் புதனும் வியாழனும் நடந்தார்கள். வீடுகள் இருந்த இடத்தில் வீடுகள் இல்லை. கோயில் மடத்தில், பள்ளிவாசலில், ஸ்டேஷனில், தண்டவாளத்தில் நின்ற சாமான் பெட்டியில் எல்லாம் தேடினார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு வரி சொன்னாள். "கூரை போச்சு, ஆக்கள் சுகம்." "பிள்ளைக்குக் காய்ச்சல், பயமில்லை." ஒருத்தி மாடு செத்துப்போனதைச் சொல்லிவிட்டு, "அதைச் சொல்லாதீங்கோ, அவர் அழுவார்" என்றாள்.

பல்கீஸின் மாமியார் சுவர் விழுந்து இறந்திருந்தார். மையத்து அடக்கமும் முடிந்திருந்தது. பல்கீஸ் வீங்கிய கண்ணோடு, "எழுதுங்கோ ராத்தா. அவர்ட உம்மா. அவர்தானே முதல்ல அறியவேணும்" என்றாள்.

வியாழன் பின்னேரம் இருபத்தொன்பது வீடு ஆயிற்று. சோமாவதியை மட்டும் காணவில்லை. எட்டு மாதக் கர்ப்பிணி. பாலையூற்றில் அவள் இருந்த வீடு தரைமட்டமாகக் கிடந்தது. அயலில் யாருக்கும் தெரியவில்லை. கிடைத்ததைக் கொடுத்துவிட்டு மறுபடி தேடலாம் என்று இருவரும் முகாமுக்குப் போனார்கள்.

கேற்றுக்கு உள்ளே மரங்களை வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வயர்லெஸ் பொறுப்பில் இருந்த இளம் லெப்டினன்ட் வெளியே வந்தார். இரண்டு நாள் தூங்காத முகம். நிஸா சந்தையில் படித்த சிங்களத்தில் சொல்லிப் பார்த்தாள். பாதி அவருக்கு விளங்கவில்லை. அப்போதுதான் சேறு படிந்த வேட்டியோடு சிவகுருநாதன் வந்து சேர்ந்தார். அவருடைய வீட்டிலும் கூரை இல்லை. அப்படியிருந்தும் கந்தோருக்கு வந்திருந்தார். அவர்தான் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

கப்பலுக்குச் சேதமில்லை, அங்கிருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள், குடும்பங்களுக்குச் சேதம் பற்றி அறிக்கை எதுவும் இல்லை என்று பதில் கொடுத்திருக்கிறோம் என்றார் லெப்டினன்ட். நிவாரண வேலைக்கே வயர்லெஸ் போதவில்லை. வேண்டுமானால் எல்லாரும் சுகம் என்று ஒரே வரியாக அனுப்பலாம்.

"எல்லாரும் சுகம் எண்டா ஒருத்தரும் நம்பமாட்டாங்க, ஐயா" என்றாள் நிஸா. "எல்லாரும் எண்டதுக்குள்ள தன்ட பொண்டாட்டி இருக்கிறாளா எண்டுதான் ஒவ்வொருத்தரும் யோசிப்பாங்க. அதோட, எல்லாரும் சுகமும் இல்ல. இலக்கமும் நாலு சொல்லும். கடிதம் இல்ல. இருவத்தொன்பது வரி."

லெப்டினன்ட் கொப்பியை வாங்கிப் புரட்டினார். தமிழ் தெரியாவிட்டாலும் இலக்கங்கள் தெரிந்தன. பக்கம் பக்கமாக அவருடைய ஆட்களின் இலக்கங்கள். தலையை அசைத்து, வாசிக்கச் சொன்னார். அவள் வாசிக்க, சிவகுருநாதன் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் எழுதினார். புஸ்பராணியின் வரியில் பேனா நின்றது.

"'கோபம் தீர்ந்தது' என்றால் என்ன?" என்று கேட்டார்.

புஸ்பராணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கப்பல் புறப்பட்ட அன்று அவள் தம்பிராசாவோடு சண்டை பிடித்து, வழியனுப்ப வராமல் இருந்துவிட்டாள்.

"அப்படியே அனுப்புங்கோ சேர். அவருக்கு விளங்கும்" என்றார் சிவகுருநாதன்.

பல்கீஸின் வரி வந்தபோது லெப்டினன்ட் பேனாவைக் கீழே வைத்தார். கடலில் இருக்கிறவனுக்குத் தாய் செத்த செய்தியைச் சொல்லி என்ன பயன்? அவனால் வர முடியாது. கரைக்கு வந்தபின் சொல்வோம் என்றார்.

"நான் ஒரு செய்தியைப் பதினொரு நாள் பிந்தி அறிஞ்சனான்" என்றாள் நிஸா. "அந்தப் பதினொரு நாளும் சிரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். இண்டைக்கும் அது என்னைத் திங்குது. இன்னொருத்தருக்கு நான் அதைச் செய்யமாட்டன். அனுப்புங்கோ. பக்கத்தில ஒரு ஆளை இருத்திவெச்சுச் சொல்லச் சொல்லுங்கோ."

சிவகுருநாதன் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார். லெப்டினன்ட் பேனாவை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை சோமாவதி கிடைத்தாள். பாலையூற்றிலிருந்து சீனன்குடாப் பக்கம் போன லொறி ஒன்றில் யாரோ அவளை ஏற்றிவிட்டிருந்தார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூட வாங்குப் பலகையில், கணுக்கால் வீங்கி, வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நிஸாவைக் கண்டதும் கையைப் பற்றியவள் விடவேயில்லை. ஒரு வரி சொல்லச் சொன்னபோது நெடுநேரம் யோசித்து, "பிள்ளை அசையிது எண்டு சொல்லுங்க" என்று தமிழிலேயே சொன்னாள்.

அந்த வரியோடு நிஸா மத்தியானம் முகாமுக்குப் போனாள். லெப்டினன்ட் அவளுக்காகக் காத்திருந்தவர்போல வெளியே வந்தார். கையில் ஒரு தாள். கப்பலிலிருந்து பதில் வந்திருந்தது. இருபத்தொன்பது பேருக்கும் ஒவ்வொரு சொல், இரண்டு சொல். கடைசியில் ஒரு கேள்வி. சிவகுருநாதன் அதை வாசித்துவிட்டு அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"எஞ்சின் அறை அன்ஸார் கேட்டிருக்கிறார். எல்லாற்ற வீட்டுச் செய்தியும் வந்திருக்கு, என்ட வீட்டுச் செய்தி எங்கே எண்டு."

நிஸா கையிலிருந்த கொப்பியைப் பார்த்தாள். கொப்பியின் முதல் பக்கம் அவளுடையது. அதை அவள் புரட்டவேயில்லை. இரண்டு நாளாக ஊரெல்லாம் நடந்து ஆள் ஆளாகக் கேட்டவள், தன் வீட்டைக் கேட்கவில்லை. சூறாவளி அடித்தபோதுகூட வராத கண்ணீர் அப்போது வந்தது. முக்காட்டால் துடைத்துக்கொண்டு, இவ்வளவையும் சேகரித்து எழுதியது தான்தான் என்று அவர் எப்படி அறிவார், பாவம், ஒரு நாள் முழுக்க என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தாள்.

"என்ன எழுத, தங்கச்சி?"

"நாங்க மூண்டு பேரும் சுகம். கூரை போச்சு." பிறகு சொன்னாள்: "கிண்ணியாவில உம்மா வாப்பாவைப் பற்றி இன்னும் தெரியாது. அதையும் எழுதுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை தோணி ஓடியது. கிண்ணியாவில் உம்மாவும் வாப்பாவும் உயிரோடு இருந்தார்கள். வயல் முழுவதும் கடல் தண்ணீர் ஏறியிருந்தது. அது மூன்று போகத்துக்கு விளையவில்லை. சோமாவதிக்குத் தை மாதக் கடைசியில் பெண்பிள்ளை பிறந்தது. பல்கீஸின் கணவர் கரைக்கு வந்ததும் முதலில் தாயின் கபுறடிக்குப் போனார். பிறகு நிஸாவின் வீட்டு வாசலில் வந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். தம்பிராசா பத்து றாத்தல் வெங்காயம் வாங்கிக்கொண்டு வந்தார். ஏனென்று புஸ்பராணி யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த வருஷ நடுவில் சிவகுருநாதன் ஆளனுப்பி நிஸாவைக் கேற்றுக்குக் கூப்பிட்டார். அவர் கையில் புதிதாக அச்சடித்த பாரம். விலாசத்துக்கு இப்போது இரண்டு இடம் இருந்தது. உறவினர் பெயர், குடும்பம் தற்போது வசிக்கும் வீடு. வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு. லெப்டினன்ட் மேலிடத்துக்கு எழுதியிருந்தார்.

"இனி உங்களுக்கு வேலை குறைவு" என்றார் சிவகுருநாதன்.

"வழி எழுத இடமில்லையே, ஐயா" என்றாள் அவள் பாரத்தைப் பார்த்துவிட்டு. "மனையாவெளி எண்டு மட்டும் எழுதினா, தந்திக்காரர் எந்த ஒழுங்கையால வாறது?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கொப்பியை நிறுத்தவுமில்லை. கூரை புதிதாகப் போட்ட வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பாய் தொடர்ந்து விரிக்கப்பட்டது. முதல் கொப்பி முடிந்து இரண்டாவது, மூன்றாவது ஆயிற்று. 1974இல் அன்ஸார் சேவையிலிருந்து ஓய்வு பெற்று வந்து, கிண்ணியாத் தோணித்துறைக்குப் பக்கத்தில் எஞ்சின் திருத்தும் கடை போட்டார். அவர் கையெழுத்திட்டு வெளியேறிய அன்றிரவு சோற்றுக்குப் பிறகு நிஸா கொப்பியை எடுத்து, தங்கள் வீட்டுப் பக்கத்தை றப்பரால் அழித்தாள்.

"அப்ப முடிஞ்சுதா?" என்று கேட்டார் அன்ஸார்.

"எங்கட வீடு முடிஞ்சுது" என்றாள் அவள். "நாளைக்கு மட்கோவுக்குப் போகவேணும். மூதூரிலிருந்து ஒரு புள்ள புதுசா வந்திருக்காம். புருஷன் போன கிழமை கப்பலேறிட்டாராம். பஸ் எத்தனை மணிக்கு எண்டு தெரியுமா உங்களுக்கு?"